எலி கடித்த தட்டு

தட்டைத் தட்டிப் பார்த்தால்தான் அதன் யோக்கியதை தெரியும். கண்ணால் பார்த்து நம்புகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். மேலே புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருக்கும், உள்ளே மயிரிழை விரிசல் ஓடிக்கொண்டிருக்கும். விரல் மூட்டால் விளிம்பில் லேசாகத் தட்ட வேண்டும். ‘டங்’ என்று நின்று ஒலித்தால் நல்லது. ‘டொக்’ என்று செத்த சத்தம் வந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் ஓரம் கட்டிவிட வேண்டியதுதான்.

இந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு பாதி ஆயுசை ஓட்டிவிட்டாள் அக்கா. விசேஷ வீடுகளுக்குத் தட்டு, கோப்பை, கண்ணாடி டம்ளர், மரக்கிண்ணம் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கும் கடையில் அவளுக்கு வேலை. போன சாமான்கள் திரும்பி வந்ததும் கழுவவைத்து, துடைக்கவைத்து, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, நல்லதை அலமாரிக்கும் கெட்டதைக் கூடைக்கும் அனுப்புவாள். கடையில் எல்லாருக்கும் அவள் அக்காதான், அவளைவிட மூத்தவரான வேன் டிரைவருக்குக்கூட. முதுகுக்குப் பின்னால் ‘டங்கக்கா’ என்பார்கள். அது அவளுக்கும் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள்.

பீங்கானுக்கு ஒரு குணம், கண்ணாடிக்கு ஒரு குணம், மரத்துக்கு ஒரு குணம் என்பாள். தட்டுகளை அடுக்கும்போது நடுவில் துணியோ காகிதமோ வைக்காவிட்டால், மேல் தட்டின் சொரசொரப்பான அடி வளையம் கீழ்த் தட்டின் முகத்தைக் கீறிவிடும். கண்ணாடியை வெந்நீரிலிருந்து எடுத்த கையோடு பச்சைத் தண்ணீரில் போட்டால் கோபித்துக்கொண்டு வெடிக்கும். மரத்தை ஊறவைத்தாலோ கேட்கவே வேண்டாம், வயிறு முட்டக் குடித்துவிட்டு, காயும்போது பிளந்து பழி வாங்கும். கழுவியதும் துடைத்து, நிழலில் நிறுத்திக் காயவைத்து, அவ்வப்போது எண்ணெய் தடவ வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் இதையெல்லாம் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலிக்கும், கேட்டுக் கேட்டு அவர்களுக்குக் காது வலிக்கும்.

கடையில் ஒரு வழக்கம் இருந்தது. விளிம்பில் சில்லு பெயர்ந்த தட்டுகளை முதலாளி தூக்கிப்போட விடமாட்டார். சத்தம் ‘டங்’ என்று இருந்தால் போதும், வேலை செய்கிறவர்களின் மத்தியானச் சாப்பாடு அதில்தான். முதலாளியின் தட்டிலும் ஒரு பக்கம் விளிம்பு இருக்காது. முழுத் தட்டு ஊருக்கு, மூளித் தட்டு நமக்கு. புதிதாக வந்த கணக்கருக்கு மட்டும், படித்தவர் ஆயிற்றே என்று முழுத் தட்டாக வைத்தார்கள். மனிதர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, உங்களுக்கு நான் என்ன கெடுதல் செய்தேன், என்னை மட்டும் ஏன் பிரித்து வைக்கிறீர்கள் என்று கேட்டேவிட்டார். அக்காதான் சிரித்துக்கொண்டே கூடையைத் துழாவி, கால்வாசி விளிம்பு போன தட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். பதக்கம் வாங்குகிறவர் மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இவ்வளவும் தெரிந்தவள்தான் தம்பி வந்த ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு காரியம் செய்தாள். தெரிந்து என்ன பிரயோஜனம்?

தம்பியின் போன் வந்தபோது அவள் கை இரண்டும் சோப்பு நுரையில் இருந்தன. ‘தம்பி’ என்று திரையில் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓரமாகப் போனாள்.

“ஞாயித்துக்கிழமை உங்களுக்குச் சௌகரியப்படுமா?” என்று கேட்டான். “பொண்டாட்டியையும் கூட்டிட்டு வரலாம்னு பார்க்கிறேன்.”

பிறந்ததிலிருந்து அவளை நீ, வா, போ என்று பேசியவன். ‘உங்களுக்கு’ என்ற வார்த்தை காதில் விழுந்ததும் வேறு யாரிடமோ பேசுகிறானோ என்று ஒரு கணம் நினைத்தாள். “வா” என்று மட்டும் சொன்னாள்.

அவன் பிறந்தபோது அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. அம்மா ஆலையில் ஷிப்டு வேலைக்குப் போய்விடுவாள். குளிப்பாட்டியது, ஊட்டியது, முதுகில் இரண்டு வைத்துப் பள்ளிக்கு அனுப்பியது எல்லாம் இவள்தான். அந்த வேலைகளிலேயே கல்யாண வயது கடந்துபோயிற்று. கேட்டு வந்தவர்கள் இல்லாமல் இல்லை. அக்கா ஒவ்வொருத்தரையும் தட்டிப் பார்த்து, சத்தம் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டாள் என்பது வேன் டிரைவரின் கட்சி.

தம்பி பெரியவனாகி லிஃப்ட் மெக்கானிக் ஆனான். வேலை வேறு ஊரில் கிடைத்தது, போனான். அம்மா படுக்கையில் விழுந்தாள். அக்கா கடைக்கும் கட்டிலுக்குமாக ஓடினாள். அம்மாவின் மூச்சு நின்ற அன்று அவன் ஏதோ பத்து மாடிக் கட்டடத்தில் லிஃப்டின் குழிக்குள் இருந்தான், போன் மேலே பையில் இருந்தது. செய்தி தெரிந்து, பஸ் பிடித்து, மாறி ஏறி, அவன் வந்து சேர்ந்தபோது அம்மாவைக் கொண்டுபோயாகிவிட்டது. படி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றவனை வாசலிலேயே நிறுத்தி, வாய்க்கு வந்தபடி பேசினாள். மாதக் கணக்கில் தூக்கமில்லாதவள் பேசிய பேச்சு. மற்றதெல்லாம் இருவருக்குமே மறந்துபோயிருக்கும். ஒன்று மட்டும் மறக்கவில்லை.

“இனிமே இந்த வீட்டுக்கு நீ விருந்தாளிடா. விருந்தாளி மாதிரி வா, விருந்தாளி மாதிரி போ.”

நாக்கில் நரம்பில்லாமல் சொல்லிவிட்டாள். அவன் பையைக் கீழே வைக்காமலே திரும்பிப் போனான். அதன் பிறகு அந்தப் படி ஏறவில்லை. எப்போதாவது போன் செய்வான். அங்கே மழையா, இங்கே வெயில், உடம்பைப் பார்த்துக்கொள். பதிவு அலுவலகத்தில் நாலு பேரை வைத்துக் கல்யாணம் செய்துகொண்டபோதும் போனில்தான் சொன்னான். கடையில் இது விசேஷங்களின் காலம், நகர முடியாது என்று இவளும் வீம்பாக இருந்துவிட்டாள். ஆறு கண்ணாடிக் கிண்ணங்களை வைக்கோல் வைத்துப் பொதிந்து அனுப்பினாள். உடையாமல் வந்து சேர்ந்ததாகத் தகவல் வந்தது.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. லிஃப்ட் மெக்கானிக்கின் அக்கா இருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நாள் முழுக்க ஊருக்கே தட்டுக் கழுவுகிறவளுக்கு வீட்டில் கழுவ ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி. கையை நனைப்பதற்குள் வேலை முடிந்துவிடும். சில நாள் கழுவி வைத்த தட்டை எடுத்துச் சும்மா ஒரு தரம் தட்டிப் பார்ப்பாள். டங். சோதிக்க ஒன்றும் இல்லை. வீட்டில் அவளுக்குப் பதில் சொல்கிற ஆள் அது ஒன்றுதான்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு அவன் பெண்டாட்டியோடு சாப்பிட வருகிறான். இந்தத் தடவை கோட்டை விட்டால் இனி ஜென்மத்துக்கும் வரமாட்டான் என்று அவளுக்குப் பயம். அன்றைக்குச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆனால் மன்னிப்பை வாயால் கேட்டு அவளுக்குப் பழக்கம் இல்லை. கையால் கேட்கத்தான் தெரியும். குறை சொல்ல இடமில்லாமல் ஒரு சாப்பாடு போட்டுவிட்டால் புரிந்துகொள்வான் என்று நினைத்தாள்.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுச் சாமான் மொத்தத்தையும் மேசைமேல் இறக்கினாள். கோப்பைகளின் அடியில் படிந்திருந்த டீக் கறையைச் சோடா உப்புப் போட்டுத் தேய்த்து எடுத்தாள். டம்ளர்களில் மூடுபனி மாதிரி வெள்ளை பூத்திருந்தது, வினிகர் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கிடத்தி, துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். இரண்டு டம்ளர் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டு, பிரிவேனா என்று அடம் பிடித்தன. அம்மா இருந்த காலத்தில் சிக்கியவை. இழுத்தால் உடையும். உள்டம்ளரில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, வெளிடம்ளரைச் சூடு தணிந்த வெந்நீரில் நிற்கவைத்தாள். உள்ளது சுருங்கி, வெளியே இருந்தது நெகிழ்ந்து, தானாகக் கழன்று வந்தன. வேறு நாளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

பிறகு அம்மா வாங்கிய தட்டுகள். நீலக் கோடு போட்டவை, ஆறில் நாலு மிச்சம். மூன்று ‘டங்’ என்றன. நாலாவதுதான் தம்பியின் தட்டு. அதன் விளிம்பில் கட்டை விரல் பதிகிற அளவுக்குச் சில்லு பெயர்ந்திருக்கும். சின்ன வயதில் அவன்தான் கீழே போட்டான். போட்டுவிட்டு, எலி கடித்துவிட்டது என்று சாதித்தான். அன்றிலிருந்து அது எலித்தட்டு. வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. எலி கடித்த பக்கம் தனக்கு நேராக இருந்தால்தான் கையை வைப்பான். வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற வயதிலும் லீவில் வந்தால் நேரே அடுக்களைக்குப் போய், அடுக்கின் அடியிலிருந்து அதை உருவிக்கொண்டுதான் உட்காருவான்.

அக்கா அதைத் தட்டினாள். டொக்.

நம்பாமல் இன்னொரு இடத்தில் தட்டினாள். டொக்தான். வெளிச்சத்தில் பிடித்தபோது, எலி கடித்த இடத்திலிருந்து நடுப்பகுதி வரைக்கும் பழுப்பாக ஒரு கோடு தெரிந்தது. எந்தக் காலத்தில் விட்ட விரிசலோ. அவளுக்கு ஒரு பழைய சம்பவம் ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் கையைத் தப்பிப் போன தட்டு ஒன்று, விருந்து நடுவில், கொதிக்கிற குழம்பு பட்டதும் இரண்டாகப் பிளந்து ஒரு பெரியவர் மடியில் கொட்டிவிட்டது. அந்த மனிதர் கத்திய கத்து இன்றும் அவள் காதில் இருக்கிறது. விரிசல் விட்ட தட்டில் யாருக்கும் சோறு போடுவதில்லை என்று அன்றைக்கு எடுத்த சபதம். அதிலும் புதுப் பெண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, தம்பிக்கு உடைந்த தட்டை வைத்தால் பழியைத் தீர்த்துக்கொள்கிறாள் என்றல்லவா நினைப்பாள்? எலித்தட்டைக் காகிதத்தில் சுற்றி அலமாரியின் உச்சியில் வைத்தாள். அதை மட்டும் எடுத்துவிட்டு மூன்று நீலக்கோட்டுத் தட்டை வைப்பது இன்னும் கண்ணை உறுத்தும் என்று தோன்ற, எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிட்டு மறுபடி கடைக்கே நடந்தாள்.

முதலாளியிடம் தங்கக் கோடு போட்ட செட்டைக் கேட்டாள். பெரிய இடங்களுக்கு மட்டும் போகிற செட் அது. இத்தனை வருஷத்தில் ஒரு ஸ்பூன்கூடக் கடன் கேட்காதவள் கேட்டதில் முதலாளிக்கே ஆச்சரியம். எடுத்துக்கொண்டு போ, உனக்குப் போய் வாடகையா என்றவர், என்ன விசேஷம் என்று விசாரித்தார்.

“வீட்டுக்கு விருந்தாளி வர்றாங்க,” என்றாள் அக்கா.

யார் என்று கேட்டதற்குத் தம்பி என்றாள். பக்கத்தில் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்த டிரைவர் நிமிர்ந்து பார்த்தார்.

“தம்பிக்கு எதுக்குக்கா தங்கக் கோடு?”

உங்கள் வேலையைப் பாருங்கள் என்று அவர் வாயை அடைத்துவிட்டு, தட்டுக்குத் தட்டு துணி வைத்துச் சுற்றிக்கொண்டு வந்தாள். அடைத்திருக்க வேண்டியது அவர் வாயை அல்ல, ‘விருந்தாளி’ என்ற தன் வாயை.

மிச்சம் ஒன்று இருந்தது, மரக்கரண்டி. தம்பி பள்ளிக்கூடத்துத் தச்சு வகுப்பில் செய்தது. பிடி ஒரு பக்கம் சாய்ந்து, கிண்ணம் இன்னொரு பக்கம் சாய்ந்து, பார்க்கிறவர்கள் சிரிக்கிற மாதிரி இருக்கும். மார்க்கு போட்ட வாத்தியாரும் சிரித்தார் என்று கேள்வி. அக்கா தினமும் குழம்பு கிளறியது அந்தக் கரண்டியால்தான். எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுத் தேய்த்து, துடைத்து, எண்ணெய் தடவித் தடவி, கருங்காலி மாதிரி மின்னியது. அதையும் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தாள். தங்கக் கோட்டுப் பக்கத்தில் கோணல் கரண்டியா? இழுப்பறைக்குள் போட்டு மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. அந்தக் கதவைத் தோளால் ஒரு இடி இடித்தால் திறந்துகொள்ளும், அது தெரிந்த ஆள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். அதில் ஒருத்தன் வெளியே மணி அடித்துவிட்டு நின்றான். நெற்றி ஏறியிருந்தது, காதோரம் நரைத்திருந்தது. பக்கத்தில் அவன் பெண்டாட்டி, சிரித்த முகம், கையில் கனமான பை. அக்காவுக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. “வாங்க, வாங்க. உட்காருங்க,” என்றாள்.

அவள் காட்டிய நாற்காலியில் அவன் உட்கார்ந்தான். அடுக்களைப் பக்கம் கழுத்தை நீட்டிப் பார்த்தான், எழுந்து போகவில்லை. அக்கா கொதிக்கக் கொதிக்கச் சோறும் கோழிக்குழம்பும் கொண்டுவந்து, தங்கக் கோட்டுத் தட்டுகளை எதிரில் வைத்தாள். அவன் தட்டின் விளிம்பைப் பிடித்து மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றினான். பிறகு சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டான். கறை இருக்கிறதா என்று பார்க்கிறான், தேடட்டும், என் தட்டில் கறையா என்று அக்காவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

விழுந்து விழுந்து கவனித்தாள். அவன் போதும் என்று சொல்லச் சொல்ல வைத்தாள். அவன் ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டான். குழம்பை உறிஞ்சிச் சாப்பிட்டு அம்மாவிடம் குட்டு வாங்கியவன், சத்தமில்லாமல் மென்றான். கை எட்டுகிற தூரத்தில் ஜாடி இருக்க, குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டான். சாப்பாடு ரொம்ப நன்றாக இருக்கிறது என்று மூன்று தரம் சொன்னான். முன்பெல்லாம் நன்றாக இருந்தால் சொல்ல மாட்டான், அக்காவின் தட்டிலிருந்து எடுத்துக்கொள்வான். என்னவோ சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. எது என்று தெரியவில்லை. உப்பு சரியாக இருந்தது, கோழி வெந்திருந்தது, டம்ளர் மின்னியது.

சாப்பிட்டு முடித்ததும் சாயங்காலப் பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்றான். அவன் பெண்டாட்டி அவனைத் திரும்பிப் பார்த்தாள். ராத்திரி தங்கிவிட்டுப் போகலாமே என்று அக்கா கேட்டாள். எதற்கு உங்களுக்குச் சிரமம் என்று சொல்லிவிட்டு, பஸ் நேரம் விசாரித்துவர எழுந்து கீழே இறங்கினான்.

பெண்கள் இருவரும் அடுக்களைக்கு வந்தார்கள். நீங்கள் உட்காருங்கள் என்று அக்கா எவ்வளவு சொல்லியும் அந்தப் பெண் கேட்கவில்லை. மிச்சக் குழம்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றக் கரண்டி தேடி, இழுப்பறையைத் திறந்து, கையில் கிடைத்த கோணல் கரண்டியால் வழித்து மாற்றிவிட்டு, அதைத் தொட்டித் தண்ணீரில் தட்டுகளோடு போட்டாள். அக்கா பாய்ந்து தண்ணீருக்குள் கையை விட்டு அதை எடுத்தாள். முந்தானையாலேயே அழுத்தித் துடைத்து, ஈரம் போயிற்றா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

அந்தப் பெண் அவளையும் கரண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். “இதுதான் அந்தக் கரண்டியா? வாத்தியார் சிரிச்சாரே, அது?”

ஆமாம் என்றாள் அக்கா.

“இவ்வளவு பத்திரமா வச்சிருக்கீங்க. அப்ப ஏன் அண்ணி மேசைக்கு எடுத்துட்டு வரல?”

அக்கா கரண்டியை மறுபடி துடைத்தாள். அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். வருகிற வழியெல்லாம் எலி கடித்த தட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தாராம். ரெண்டு நாள் லீவு போட்டு, மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு கிளம்பினார்களாம்.

“அக்கா பேச்சால ஒண்ணும் சொல்ல மாட்டா, அந்தத் தட்டுல சோறு போட்டான்னா கோபம் போயிடுச்சுன்னு அர்த்தம்னு சொன்னார். வேற தட்டு வச்சா நான் இன்னும் விருந்தாளிதான்னு அர்த்தம்னு சொன்னார். நான்தான் சிரிச்சேன், தட்டுல போய் என்ன இருக்குன்னு.” கொஞ்சம் தயங்கினாள். “அது உடைஞ்சு போச்சா அண்ணி?”

தங்கக் கோட்டுத் தட்டு ஒன்று தொட்டியில் முழுகிக் கிடந்தது. அன்றைக்கு வாயால் சொன்னதை இன்றைக்குக் கையாலும் சொல்லிவிட்டோம் என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. கணக்கருக்குப் புரிந்தது, டிரைவருக்குப் புரிந்தது, வளர்த்தவளுக்குப் புரியவில்லை.

தம்பி மேலே வந்தான். பஸ் இப்போதே வந்துவிடுமாம், கிளம்பலாம் என்றான். அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு, வேண்டுமென்றே முன்னால் இறங்கிப் போனாள். அவன் வாசலில் குனிந்து ஷூவைக் கட்டினான். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அலமாரி உச்சியிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். வாசலுக்கு வந்து காகிதத்தைப் பிரித்தாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

எவ்வளவோ சொல்ல வேண்டியிருந்தது. அம்மா போன அன்று சொன்னதைப் பற்றி, இத்தனை வருஷம் கழுவிய ஒற்றைத் தட்டைப் பற்றி. வாயில் வந்தது கடைப் பேச்சுதான்.

“விரிசல் விட்டிருக்குடா. சூடு தாங்காது, பொளந்துடும்.”

அவன் தட்டைக் கையில் வாங்கினான். கட்டை விரல் தானாகப் போய் எலி கடித்த இடத்தில் உட்கார்ந்தது. பழுப்புக் கோட்டை ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் பார்த்தான்.

“ஆற வச்சுப் போட்டிருக்கலாமேக்கா நீ,” என்றான். “நான் சாப்பிட்டிருப்பேனே.”

இவ்வளவு சின்ன விஷயம். இத்தனை வருஷத் தொழிலில் இது அக்காவுக்கு ஒரு தரம்கூடத் தோன்றவில்லை. விரிசலைக் கண்டுபிடிக்கத் தெரிந்தது, ஒதுக்கி வைக்கத் தெரிந்தது, ஆற வைக்கத் தெரியவில்லை.

“எடுத்துட்டுப் போறியா?” என்று கேட்டாள்.

“இல்ல. இங்கயே இருக்கட்டும்.” தட்டை அவள் கையில் வைத்தான். கீழேயிருந்து அவன் பெண்டாட்டி பஸ் வருகிறது என்று கூப்பிட்டாள். இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினான். மறுபடி எப்போது வருவாய் என்று அவள் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம். கண்ட நேரத்தில் கண்டதைப் பேசிய வாய், வேண்டிய நேரத்தில் ஒட்டிக்கொண்டது.

ஜன்னலிலிருந்து பார்த்தபோது பஸ்ஸின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. அக்கா திரும்பி வந்து கடைத் தட்டுகளைக் கழுவித் துடைத்து, துணி வைத்து அடுக்கினாள். டம்ளர்களைக் கவிழ்த்தாள். கரண்டிக்கு எண்ணெய் தடவி நிறுத்தினாள். பிறகு மிச்சச் சோற்றையும் குழம்பையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து அது ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை வைத்துப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று விட்டாள். முழுக்க ஆறியதும் எலித்தட்டில் போட்டு, எலி கடித்த பக்கத்தைத் தனக்கு நேராகத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டாள். அந்தத் தட்டில் அவள் சாப்பிடுவது அதுதான் முதல் தடவை. தட்டு பிளக்கவில்லை, ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆறிய சாப்பாடு அப்படி ஒன்றும் மோசமாக இல்லை. பாதியில் அழுகை வந்தது. சத்தம் போட்டே அழுதாள், கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்?

மறுநாள் தங்கக் கோட்டு செட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்தாள். தானே ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினாள். எல்லாம் டங். தம்பி நன்றாகச் சாப்பிட்டாரா என்று டிரைவர் விசாரித்தார்.

“விருந்தாளி நல்லாச் சாப்பிட்டுட்டுப் போனார்,” என்றாள்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா மூளித் தட்டுக் கூடையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மொத்தத்தையும் தரையில் பரப்பினாள். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து ஒதுக்கினாள். விளிம்பு போயிருக்க வேண்டும், சத்தம் நின்று ஒலிக்க வேண்டும், கொதிக்கிற குழம்பைத் தாங்க வேண்டும். கடைசியில் பச்சை ஓரம் போட்ட ஒன்று அகப்பட்டது. நகம் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது. உப்புத்தாளை ஈரமாக்கி, பெயர்ந்த இடத்தின் கூர்மையை மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தாள்.

டிரைவர் தன் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றார். “யாருக்குக்கா?”

“தம்பி பொண்டாட்டிக்கு.”

“மறுபடி வர்றாங்களா?”

“சொல்லல,” என்றாள் அக்கா. தேய்த்த இடத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் கிழிக்கிற மாதிரி இருந்தது. உப்புத்தாளைத் தண்ணீரில் தொட்டு மறுபடி தேய்த்தாள்.